நாலாவது சரணத்தில் போனவள்

நம் தொழிலில் பாட்டு பாதி, பாட்டுக்கு முன்னால் விடுகிற கதை பாதி. மாட்டிக்கொள்வது எப்போதும் அந்த இரண்டாவது பாதியில்தான். ஊரார் உட்கார்ந்து சாப்பிட, எதிரே கிதாரும் கையுமாக நின்று பாடுகிற சக பாவிகளே, இது உங்களுக்குத் தெரியாததில்லை. தெரியாத புண்ணியவான்களுக்காகக் கொஞ்சம் முன்கதை.

நான் ஹரி, திருவனந்தபுரத்துக் கரமனைக்காரன். கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தேன். கம்பெனி என்னை ஆறு மாதத்துக்கு அமெரிக்காவில் டென்னஸி பக்கம் அனுப்பியது. போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அங்கே தெருவுக்கு நாலு சாப்பாட்டுக் கடை, கடைக்கு ஒரு பாட்டுக்காரர். தொப்பியும் பூட்ஸுமாக ஸ்டூலில் வந்து உட்காருவார். உடனே பாட மாட்டார். "எங்கப்பா நிலத்தை வித்த அன்னிக்கு எழுதினது இது" என்று ஆரம்பித்து அஞ்சு நிமிஷம் பேசுவார். சாப்பிடுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அப்புறம்தான் பாட்டு. வரியும் அவருடையது, மெட்டும் அவருடையது, துக்கமும் அவருடையது. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.

ஊருக்குத் திரும்பி வந்து யோசித்தேன். அவர்கள் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? லாரி, ரயில், ஆறு, ஜெயில். பின்னே, நமக்கு இதில் எது இல்லை? வீட்டுக்குப் பின்னால் கரமனையாறு. தம்பானூரில் ரயில். பைபாஸில் லாரிக்குக் குறைவே இல்லை. ஜெயில்கூடப் பூஜப்புரையில், நடந்து போகிற தூரம். வேலையை விட்டேன். அதே மாதிரி தமிழில் எழுத ஆரம்பித்தேன். அந்த வகைப் பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. நாலாவது சரணத்தில் யாராவது சாகவேண்டும், இல்லாவிட்டால் யாராவது விட்டுப் போகவேண்டும். நாலாவது சரணத்திலும் எல்லோரும் சௌக்கியமாக இருந்தால் அது நகைக்கடை விளம்பரம்.

என்னோடு மாண்டலின் வாசிப்பவன் ஜெபராஜ், பாறசாலைக்காரன், சர்ச் பாடகர் குழுவில் பழகியவன். வீட்டை நடத்துகிறவள் என் மனைவி மைதிலி. நான் விட்டுவிட்டு வந்த அதே ஐ.டி. பார்க்கில் அவள் இன்னும் வேலை பார்க்கிறாள். எங்கள் மூன்று பேரையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும்.

மிக்ஸியோடு ஒரு ஒப்பந்தம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் பாடுவது கழக்கூட்டத்தில் ஷீபா சேச்சி நடத்தும் கஃபேயில். நல்ல மனுஷி. ஆனால் அவளுடைய ஜூஸ் கவுண்டர் எனக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் இருந்தது. நான் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் மிக்ஸியும் கூடவே வரும். சுருதி மட்டும் சேராது. ஒருநாள் போய் முறையிட்டேன். பாட்டு நடக்கும்போது மிக்ஸி ஓடக்கூடாது, பாட்டு முடிந்ததும் எத்தனை வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

அடுத்த ஞாயிறு ஆச்சரியம். பத்துப் பதினைந்து பேர் கண்ணை எடுக்காமல் என்னையே பார்க்கிறார்கள். பாட்டு முடியப் போகிற சமயம் சிலர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்கள். கேட்பதென்றால் இப்படியல்லவா கேட்கவேண்டும் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தோஷத்தில் பல்லவியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பாடினேன். முடித்ததும் ஐ.டி. பார்க் அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஒரு இளைஞர் எழுந்து மேடைக்கே வந்தார். கை குலுக்கத்தான் வருகிறார் என்று நானும் கையை நீட்டினேன். அவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "சேட்டா, பாட்டு நல்லாருக்கு. ஆனா அந்தக் கடைசி வரியை இத்தனை தடவை பாடாதீங்க, ஜாருக்குள்ள எங்க ஐஸ்கிரீம் உருகுது."

சாகாத லாரிக்காரர்

கரமனைப் பாலத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் செல்லையா என்ற லாரி டிரைவர் பழக்கமானார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். லாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். காலையில் வண்டிக் கண்ணாடியைத் துடைத்து முல்லைச் சரம் மாட்டாமல் அவர் சாவி போடுவதில்லை. எனக்கு இது போதாதா? மூன்று சரணம் அன்றைக்கே எழுதிவிட்டேன். நாலாவதுக்குச் சட்டம் இருக்கிறதே. மலைப்பாதை வளைவில் வண்டி கவிழ்ந்தது, முல்லைச் சரம் மட்டும் பாறையில் கிடந்தது. மேடையில் கதை சொல்லும்போது, "அந்த அண்ணன் இப்போ நம்மகூட இல்லை" என்பேன். பொய் இல்லை. அவர் அப்போது மதுரைக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு ஜெபராஜ் ஆராதனை முடிந்து நேராக வந்தான். கூடவே ஒரு பெரியவரும் அவர் மனைவியும். "வேய் ஹரி, இவரு நம்ம சபைக்காரரு. லாரி ஓட்டுதவரு. அந்த லாரிப் பாட்டு இவருக்குப் பிடிக்கும்னு கூட்டிட்டு வந்தேன்" என்றான். பார்த்தால் செல்லையா. நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், கிதாரின் பின்பக்கத்தால் அவன் முழங்காலில் இடித்துப் பார்த்தேன். ஜெபராஜ் அதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டான். வேறு வழியில்லை, பாடினேன். மூன்றாவது சரணம் வரைக்கும் செல்லையா தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். நாலாவதில் அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்லையா தட்டுவதை நிறுத்திவிட்டார்.

முடிந்ததும் என்னிடம் வந்தார். காலில் விழலாமா, பின்வாசல் வழியாக ஓடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கோபமே படவில்லை, வருத்தப்பட்டார். "தம்பி, என்னைக் கொன்னுட்டிய, சரி. எல்லாரும் ஒருநாள் கர்த்தர்கிட்ட போறவியதான். வண்டிய எதுக்குக் கவுத்திய? இன்னைக்கு வர அதுல ஒரு கீறல் கிடையாது, பாத்துக்கிடுங்க."

கல்லாற்றில் உருகியது

மாதம் ஒரு சனிக்கிழமை கல்லாற்றில் ஒரு ரிசார்ட்டில் பாடுவோம். ஆற்றங்கரைப் புல்வெளி, பின்னால் பனி மூடின மலை... வேண்டாம், இதெல்லாம் அவர்கள் நோட்டீஸில் போட்டுக்கொள்வது. எனக்குத் தெரிந்த கல்லாறு என்றால் மழைக்காலத்து அட்டைப்பூச்சி. வெறுங்காலோடு நின்று பாடினால்தான் மண்வாசனை வரும் என்று ரிசார்ட் மேனேஜர் சொன்னார். வேஷ்டியும் வெறுங்காலுமாக நின்று, அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு ஆரம்பித்தேன். நாலாவது சரணத்தில் அந்த அம்மா போய்விடுவாள். நிஜத்தில் என் அம்மா கரமனையில் டி.வி. சீரியல் பார்த்துக்கொண்டு திடமாக இருக்கிறாள்.

இரண்டாவது சரணத்தில் பார்க்கிறேன், கணுக்காலில் ஒரு அட்டை. இரண்டு கையும் கிதாரில். மூன்றாவதில் அது முழங்காலைத் தாண்டி வேஷ்டிக்குள் போய்விட்டது. எங்கே போகிறது, எதுவரை போகும் என்று தெரியாத நிலைமையில் ஒரு மனுஷன் எப்படிப் பாடுவானோ அப்படிப் பாடினேன். குரல் நடுங்கியது, கண்ணில் தண்ணீர் முட்டியது, கடைசி வரியில் வார்த்தையே வரவில்லை. பாட்டு முடிந்த கையோடு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் உப்புக்கு ஓடினேன். கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் என் காலில் வழிந்ததைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் கரகரத்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது: "இந்தளவுக்கு ரத்தம் வர்ற மாதிரி உருகிப் பாடி நான் யாரையும் பாத்ததே இல்லைங்க."

பால் பொங்கின பாட்டு

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மைதிலி ஒருநாள் காலை ரயிலில் திருநெல்வேலிக்குப் போனாள். அவள் சித்தி பெண்ணுக்குக் கல்யாணம். இரண்டு நாள் பயணம். அடுப்பில் பால் இருக்கு, இறக்கி வை என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் கிதாருக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, சமையலறை முழுக்கத் தீய்ந்த நாற்றம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு இரண்டு வரி வந்தது.

காலை வண்டியில அவ போயிட்டா,
அடுப்புல பால் இருக்கு, யார் இறக்க?

அவள் திரும்பி வருவதற்குள் நாலு சரணமும் முடிந்துவிட்டது. வந்தவளை உட்காரவைத்துப் பாடிக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நன்னா இருக்கு. பாத்திரத்தைத் தேச்சயா?" என்றாள்.

சிக்கல் பாட்டில் இல்லை, கதையில். 'என் மனைவி சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் போயிருந்தா' என்று ஆரம்பித்தால் எவன் கரண்டியைக் கீழே வைப்பான்? அதனால் கஃபேயில் இப்படிச் சொன்னேன்: "ஒருநாள் காலம்பர என் மனைவி பெட்டியை எடுத்துண்டு ரயிலேறிப் போயிட்டா." அவ்வளவுதான். இதில் பொய் என்று ஒரு சொல் இருந்தால் காட்டுங்கள். முற்றுப்புள்ளியைக் கொஞ்சம் சீக்கிரம் வைத்தேன், அதுதான் நான் செய்தது. கஃபேயில் கரண்டிகள் கீழே போயின. யாரும் ஜூஸ் கேட்கவில்லை. பால் வரியில் ஒரு மேஜையில் நாலு பெண்கள் சேர்ந்து அழுதார்கள். ஷீபா சேச்சி மைதிலியைப் பார்த்ததே இல்லை. அவள் கவுண்டரை விட்டு வந்து என் முன்னால் ஒரு மசால்தோசையை வைத்தாள். "பாவம் நீ, ஹரி. இந்தப் பாட்டு இனி எல்லா ஞாயிறும் வேணும் கேட்டோ. பால் குடிக்கணும்னா இவிட வந்து குடிச்சா மதி, அது போதும்."

வந்துட்டயா?

யாரோ அதை ஃபோனில் பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கரமனை அக்ரஹாரத் தெருவில் ஒரு செய்தி நுழைந்தால் அது வாசல் வாசலாகப் போவதில்லை, எல்லா வாசலிலும் ஒரே சமயத்தில் இருக்கும். மைதிலி அடுத்த நாள் காலையில் காய்கறி வாங்கப் போனாள். எதிர்வீட்டு மாமி கையைப் பிடித்துக்கொண்டு, "எப்போடீ வந்தே?" என்று கேட்டிருக்கிறாள். எங்கேருந்து மாமி என்று இவள் கேட்க, மாமி பெருந்தன்மையாகத் தலையைத் தடவி, "அதெல்லாம் நான் கேக்கப்போறதில்லை. நீ வந்துட்டயோல்லியோ, அது போறும்" என்றாளாம்.

மைதிலி வீட்டுக்கு வந்து மாமி மாதிரியே நடித்துக் காட்டினாள். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அந்த வாரம் ஆபீஸில் அவளுடைய டீம் லீடர் டீ குடிக்கக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள், இந்தத் தடவை நடிக்காமல்: "உன் பாட்டுக்கு எனக்கு ஆபீஸ்ல வக்கீல் பாத்துட்டா."

வரன்

வலியசாலையிலிருந்து ஒரு மாமா வந்தார். கல்யாணப் பேச்சு முடித்து வைப்பதில் கைராசிக்காரர். கதவைத் திறந்தது மைதிலி. நான் உள்ளே இருந்தேன். அவர் யாரென்று குரலை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வர மட்டும் தைரியம் வரவில்லை.

"ஹரி இருக்கானோ? ஒரு வரன் விஷயமாக்கும்."

"யாருக்கு மாமா?"

"ஹரிக்குத்தான். ஆம்படையா விட்டுட்டுப் போயிட்டா, பாவம். பாலைக்கூட இறக்கத் தெரியாத பிள்ளை. கொல்லத்துல ஒரு பொண்ணு இருக்கு, டீச்சர். நீ யாரு கொழந்தே, பந்துவோ?"

"நான்தான் மாமா அந்த ஆம்படையா."

மாமா ஜாதகத்தை மறுபடி கவருக்குள் வைக்கிற ஓசை கேட்டது. நாற்பது வருஷம் இந்த வேலை பார்த்தவர், எதற்கும் அசருகிறவர் இல்லை. போகும்போது அந்தக் கவரை அவள் கையிலேயே கொடுத்தார். "சந்தோஷம். இருந்தாலும் இது உன்கிட்டயே இருக்கட்டும். காலம் ஒரே மாதிரி இருக்காது, கேட்டயா."

மாமனார்

அன்றைக்கு மைதிலி சிரிக்கவில்லை. அதற்கடுத்த நாள் அவளுடைய அப்பா வந்தார். அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசாதவர். ஃபோன் பண்ணாமல் வந்து வாசலில் நின்றார். மகள் தோசை வார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மகளைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லைப்பா, எல்லாம் இந்த மனுஷன் பண்ணின கூத்து" என்று மைதிலி சொன்னாள். அவர் நம்பவில்லை. நான் சொன்னேன், நம்பவே இல்லை. நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம் என்று ஆளுக்கு ஆள் சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் வாடியது. எங்களுக்குள் ஏதோ பெரிதாக நடந்து, அவருக்காக மூடி மறைக்கிறோம் என்று முடிவுக்கே வந்துவிட்டார். கோயிலில் நாலு பேர் விசாரித்தார்களாம். பதில் தெரியாமல் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாராம். தோசையைத் தொடாமல் என்னிடம் சொன்னார்: "மாப்ளே, நீங்கோ பாடினதை நானும் கேட்டேன். நன்னாத்தான் இருந்தது. ஊர்ப்பட்ட பேருக்கு நான் சேதி கொண்டுபோய்ச் சேத்திருக்கேன். என் பொண்ணைப் பத்தின சேதி மட்டும் எனக்கு அடுத்தவா சொல்லித்தான் வரணுமா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பா கை கால் அலம்பப் போன சமயம் மைதிலி தோசைக் கரண்டியோடு என் பக்கத்தில் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "என் பேரை எந்த மைக்ல கெடுத்தயோ, அதே மைக்ல, எங்கப்பா கேக்கச் சரி பண்ணணும். இல்லேன்னா அந்தப் பாட்டை நான் நெஜமாக்கிடுவேன்."

திருத்தம்

ஞாயிற்றுக்கிழமை முன் மேஜையில் அப்பாவும் பெண்ணும். ஷீபா சேச்சியிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொன்னேன். முதலில் நான் ஏமாற்றிவிட்டேன் என்று கோபம், அப்புறம் தோசை போச்சே என்று கோபம், கடைசியில் வியாபாரக் கவலை. "நீ சங்கடத்துல இருக்கேன்னுதானே ஆளுகள் வர்றது. பெண்டாட்டி கூட சுகமா இருக்கேன்னு சொன்னா யார் வருவா?" என்று கேட்டாள். ஜெபராஜ் அதைவிட. "வேய், சித்தி மவ கல்யாணத்துக்கெல்லாம் நான் சோகமான மைனர் சுரத்துல வாசிக்க மாட்டேன்" என்றான்.

ஆனாலும் சொன்னேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு முழுதாகச் சொன்னேன். சித்தி பெண், திருநெல்வேலி, இரண்டு நாள், பால், நாற்றம், தேய்க்காத பாத்திரம், எல்லாம். "நான் முற்றுப்புள்ளியை அவசரப்பட்டு வெச்சுட்டேன். என் மனைவி எங்கேயும் போகலை. இதோ இருக்கா" என்று கையைக் காட்டினேன். கஃபே மொத்தமும் திரும்பியது. மைதிலி கரண்டியைத் தூக்கி ஆட்டினாள். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. மாமனார் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துக் கை கூப்பிவிட்டு உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அப்புறம் பாட்டைப் பாடினேன். பால் வரிக்கு முதல் தடவையாக ஜனங்கள் சிரித்தார்கள். ஒரு பாட்டுக்காரனுக்கு அது எப்படி வலிக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஞாயிறு தவறாமல் மூலை மேஜையில் தனியாக வந்து உட்காருகிற ஒரு பையன் உண்டு. அவனுக்கும் ஏதோ ஒருத்தி போயிருக்கிறாள் என்பது அவன் டீ குடிப்பதிலிருந்தே தெரியும். போகும்போது என்னிடம் நின்றான். "சேட்டா, ஆன்ட்டி திரும்பி வந்ததுல சந்தோஷம். ஆனா எனக்கு உங்க பழைய கதை மதி."

தம்பானூர்

மாமனாரைச் சாயங்கால ரயிலில் ஏற்றிவிடத் தம்பானூர் போனோம். மனுஷர் ஆளே மாறியிருந்தார். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கிதாரையும் எடுத்துக்கொண்டு வாங்கோ, கோயில் மண்டபத்தில் பாடலாம் என்றார். வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி போனதும் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது.

"அப்பாடா" என்றேன். "தீந்தது. ஒரு கதையும் பாக்கி இல்லை. வா, டீ குடிக்கலாம்."

மைதிலி நகரவில்லை. டீக்கடைக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்கதான் உக்காந்திருந்தேன்."

"கல்யாணத்துக்குப் போனப்பவா?"

"இல்லை. அதுக்கு முந்தின மாசம்."

எனக்கு விளங்கவில்லை. முந்தின மாசம் அவள் எங்கேயும் போகவில்லையே என்றேன்.

"போனேன். நீ பாட்டே கதின்னு இருந்த சமயம். காலம்பரயிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நீ எழுதற அந்த ரூம்லயே இருந்தே. நான் பேசினது ஒண்ணும் உன் காதுல ஏறலை. ஒருநாள் பெட்டியில நாலு புடவையை வெச்சுண்டு, நான் அப்பாகிட்டப் போறேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்கூட. யாரோ ஒருத்தி புருஷனை விட்டுட்டுப் போறாப்பல ஒரு பாட்டு, நீ உள்ளே அழுதுண்டே பாடிண்டிருந்தே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நம்பர் சொல்வது மாதிரி சொன்னாள். செல்லையாவிடமும் மாமாவிடமும் மாமனாரிடமும் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது. கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் பயம். கேட்டேன்.

"பின்னே ஏன் திரும்பி வந்தே?"

"வண்டி லேட். உக்காந்து யோசிச்சேன். என்னமோ மனசு வரலை, டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு ஆத்துக்கு வந்தேன். பெட்டியும் கையுமா ரூம் கதவைத் திறந்து நிக்கறேன், நீ தலையைத் தூக்கி, மைதிலி, இந்த ஒரு வரி சரியா வரலை, கேளேன்னு சொன்னே. நான் போனதும் உனக்குத் தெரியலை, வந்ததும் தெரியலை. அந்த வரி இன்னிக்கும் சரியா இல்லை, அது வேற விஷயம்."

இப்போதெல்லாம் பாட்டை நான் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதன் பின்னால் இருக்கிற கதை என்னவென்று கேட்பவர்களை, எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொல்லி, முன் மேஜையில் உட்கார்ந்திருக்கும் மைதிலியிடம் அனுப்பிவிடுகிறேன்.